மறுபடி அனுப்பும் இடைவெளி

அக்தாவில் தெருக்களுக்குப் பெயர் கிடையாது.
பேட்டை எண், கட்டட எண், கதவு எண்.
நான் பதினொன்று, இருபத்தேழு, நாற்பது.
டோக்ஜான் வீடு எது என்றால் கையை விரிப்பார்கள்;
எண்ணைச் சொன்னால் சூடு ஆறாமல் ரொட்டி வந்துவிடும்.
அதனாலோ என்னவோ
வரிசை எண் போட்டுச் செய்தி அனுப்பும் வேலை
சட்டென்று பிடிபட்டது எனக்கு.

காஸ்பியனின் அந்தக் கரையில் பாக்கு.
அங்குள்ள சர்வரிடம்
என் சர்வர் ஒவ்வொரு வேகனாகச் சொல்லும்:
4116, பார்லி, அறுபத்தெட்டு டன், முத்திரை சரி.
வந்தது என்று அது ஒரு சொல் திருப்பித் தர வேண்டும்.
தராவிட்டால் இரண்டு நொடியில் மறுபடி சொல்.
எட்டு முறை வரை சொல். பிறகு விட்டுவிடு.
எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர்
அப்படி எழுதிவைத்துப் போயிருந்தார்,
கேபிள் நன்றாக இருந்த காலத்தில்.

செவ்வாய் இரவு கேபிள் எங்கோ அறுந்தது.
எல்லாம் செயற்கைக்கோள் வழிக்கு மாறியது.
பதில் வந்து சேர மூன்றே முக்கால் நொடி.
நானோ இரண்டாவது நொடியில் கத்துகிறேன்.
பதில் பாதி வழியில் இருக்கிறது,
மறுபடி கத்துகிறேன்.
என் குரலே என் பாதையை அடைத்துக்கொள்ள
மூன்றே முக்கால் ஆறாயிற்று,
ஆறு பதினொன்றாயிற்று.
அந்த நெரிசலில் 4117 விழுந்துவிட்டது.

வரிசை குலையக் கூடாது என்பது விதி.
ஆகவே 4118 முதல் 4195 வரை
அந்தக் கரையின் வாசலில் நின்றன,
வந்தும் வராதவையாக.

அஸ்தானாவிலிருந்து மேலாளர் அழைத்தார்:
"ஒவ்வொன்றையும் வட்டில் எழுதிவிட்டா அனுப்புகிறாய்?
அதை நிறுத்து. நினைவகம் போதும்.
மூன்று மடங்கு வேகம் கிடைக்கும்."
முடியாது என்றேன்.
நவம்பரில் அவர் சொன்னபடிதான் செய்தோம்.
பதினான்கு நிமிடம் மின்சாரம் இல்லை;
முப்பத்தொரு வேகன் கணக்கிலிருந்தே காணாமல் போயின.
தண்டவாளத்தில் அவை நின்றுகொண்டுதான் இருந்தன.
சபித் பனியில் டார்ச்சோடு நடந்து
இரும்பில் எழுதிய எண்களை ஒவ்வொன்றாகப் படித்தான்,
நான் தட்டச்சு செய்தேன்.
அந்த வேகம் எனக்குத் தெரியும்.

இரண்டு நாற்பதுக்கு ஃபிக்ரெட், பாக்குவிலிருந்து:
"உன் சர்வருக்குக் கொஞ்சம் பொறுமை சொல்லிக்கொடு.
ஒரே வேகன் ஐந்து முறை வருகிறது.
நாலைத் தூக்கிப் போட்டே என் சர்வருக்கு மூச்சு முட்டுகிறது."

கோப்பைத் திறந்தேன்.
முதல் காத்திருப்பு எட்டு நொடி.
பிறகு பதினாறு. பிறகு முப்பத்திரண்டு.
ஒவ்வொன்றுக்கும் ஒப்புகை வேண்டாம்,
பத்துக்கு ஒன்று போதும்.
வட்டு அப்படியே இருக்கட்டும்.
4117ஐ என் கையால் எடுத்து வரிசையின் தலையில் வைத்தேன்.

குறைவாகப் பேசியதும் பாதை திறந்தது.
பதினொரு நிமிடத்தில் எழுபத்தொன்பதும் போய்ச் சேர்ந்தன.
ஃபிக்ரெட் ஒரே சொல் அனுப்பினான்: அல்டிம்.
கிடைத்தது என்று பொருள்.
அவன் மொழியிலும் அதே, என் மொழியிலும் அதே.
இரண்டு வருடமாக அவன் முகம் பார்த்ததில்லை,
இந்தச் சொல்லைத்தான் பார்க்கிறேன்.

ஏழரைக்குத் துறையிலிருந்து சபித்:
காற்று நொடிக்கு இருபத்திரண்டு மீட்டர்.
படகு இன்று கிளம்பாது,
நாளையும் சந்தேகம்.
வேகன்கள் கட்டிய சங்கிலியோடு
கடலைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன என்றான்.

மேலாளரிடம் இதைச் சொல்லவில்லை.
ஃபிக்ரெட்டுக்கு எழுதினேன்:
காகிதம் வந்துவிட்டது, பார்லி வராது.
எட்டு நொடி பார்த்தேன்.
பதினாறு.
முப்பத்திரண்டில் மேசைமேல் தூங்கிவிட்டேன் போல.

எழுந்தபோது திரையில்
அல்டிம். அல்டிம்.
ஒரே நிமிடத்தில் இரண்டு முறை.
விதிப்படி ஒன்றைத் தள்ள வேண்டும்.
விட்டுவிட்டேன்.